கார்சினாய்டு: ஒரு நோய்ப்பெயரின் பொருளும் நோயாளியின் புரிதலும்

கார்சினாய்டு எனப்படும் கட்டி எத்தகையது, அது மனிதரை எவ்வாறு பாதிக்கிறது என்பதை விளக்குவதும், அக்கட்டிக்கு இடப்பட்ட பெயர் அதனைப் பற்றிய புரிதலை எவ்வாறு திசைதிருப்பியது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நோயின் இயல்பு மருத்துவ நூல்களில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. ஆயின் நோய்ப்பெயர்கள் நோயாளியின் காதில் விழும்பொழுது என்ன பொருள் தருகின்றன என்பது மொழியியலார் நோக்க வேண்டிய செய்தி. தமிழில் இக்கட்டிக்கு நிலைபெற்ற பெயர் இன்னும் அமையாத நிலையில் இவ்வாய்வு பயன் தரக்கூடும்.

2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் பயின்று திரைப்பட நடிகராகப் புகழ்பெற்ற இர்பான் கான், தமக்கு அரிய நோய் ஒன்று வந்திருக்கலாம் என மார்ச் 5-ஆம் நாள் அறிவித்தார். அவருக்கு மூளையில் கட்டி என்ற வதந்தி உடனே பரவியது. மார்ச் 16-ஆம் நாள் அவர் நோயின் பெயரை வெளியிட்டார்: நியூரோ எண்டோகிரைன் டியூமர். அப்பெயரை வெளியிட்ட அதே அறிக்கையிலேயே, 'நியூரோ' என்று வந்தால் அது எப்பொழுதும் மூளையைப் பற்றியதாகாது என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. நோயின் பெயரோடு அப்பெயருக்கான மறுப்புரையையும் நோயாளியே சேர்த்துச் சொல்லும் நிலை கருதத்தக்கது. அவர் 2020 ஏப்ரல் 29 அன்று மும்பையில் காலமானார். அவர் குறிப்பிட்ட கட்டிக்குடும்பத்தின் மிகப் பழைய பெயர்தான் கார்சினாய்டு.

பெயரின் தோற்றம்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நோய்க்குறியியல் அறிஞராக விளங்கிய சீக்பிரீட் ஓபர்ண்டார்பர் 1907-ஆம் ஆண்டு சிறுகுடலில் காணப்பட்ட சில சிறிய கட்டிகளை ஆராய்ந்தார். நுண்ணோக்கியில் அவை புற்றுநோய் போலவே தோன்றின. ஆனால் அளவில் சிறியனவாகவும், பலவாகவும், மிக மெதுவாக வளர்வனவாகவும், பிற உறுப்புகளுக்குப் பரவாதனவாகவும் அவருக்குத் தென்பட்டன. ஆகவே 'புற்று போன்றது' என்னும் பொருள்பட 'கார்சினாய்டு' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கார்கினோஸ்' என்பது நண்டு; அதன் வழிவந்தது புற்றுநோயைக் குறிக்கும் 'கார்சினோமா'. 'ஆய்டு' என்பது வடிவம், சாயல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பின்னொட்டு.

இக்கட்டிகளைக் கண்டவர் அவர் மட்டும் அல்லர். ஓட்டோ லூபார்ஷ் 1888-இலேயே பிணப் பரிசோதனையில் இத்தகைய கட்டிகளைக் கண்டு எழுதியிருக்கிறார். உணவு உண்டபின் வயிற்றுப்போக்கும் மூச்சிரைப்பும் தோன்றிய ஒரு நோயாளியைப் பற்றி ரான்சம் 1890-இல் குறிப்பிட்டுள்ளார். ஆனால் நிலைத்தது பெயரிட்டவரின் புகழ்தான். பெயரிட்டவரே பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதே இங்கு முதன்மையான செய்தி. 1929-இல் எழுதிய விரிவான கட்டுரையில், இக்கட்டிகளுள் சில பரவக்கூடியவை, கொல்லக்கூடியவை என ஓபர்ண்டார்பர் ஒப்புக்கொண்டார். யூதர் என்ற காரணத்தால் 1933-இல் பதவி பறிக்கப்பட்டு இஸ்தான்புல் சென்ற அவர், 1944-இல் அங்கேயே மறைந்தார். கருத்து மாறியது, பெயர் மாறவில்லை. 'புற்று போன்றது, ஆனால் புற்று அன்று' என்ற முதல் தீர்ப்பு அப்பெயருக்குள் உறைந்துவிட்டது. அதன் பின் பல பத்தாண்டுகள் இக்கட்டி தீங்கற்றது என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் நீடித்ததற்கு அப்பெயரும் ஒரு காரணம் எனலாம்.

'போலி' என்னும் சொல்

'ஆய்டு' என்னும் பின்னொட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் ஏற்கெனவே ஒரு விடை கண்டுள்ளது. உலோகத்தின் பண்புகள் சிலவற்றை மட்டும் உடைய தனிமங்களை நம் பாடநூல்கள் 'உலோகப்போலி' என்கின்றன. ஆல்கலாய்டு 'காரப்போலி' எனப்பட்டது. இம்முறையில் கார்சினாய்டு 'புற்றுப்போலி' ஆகும். சொல்லமைப்பில் இதற்குக் குறையில்லை. குறை பொருளில் உள்ளது.

'போலி' என்பதற்குத் தமிழில் ஒன்றற்கொன்று மாறான இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. வழக்கில் போலி என்றால் ஏமாற்று, உண்மையல்லாதது: போலி மருத்துவர், போலி நகை. இலக்கணத்தில் போலி என்பது அவ்வாறன்று. பந்தல் என்பது பந்தர் எனவும், அகம் என்பது அகன் எனவும், அரசு என்பது அரைசு எனவும் வருவனவற்றை இலக்கண நூலார் போலி என்பர். ஓர் எழுத்தினிடத்தில் மற்றோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாமையே இங்குப் போலியின் இலக்கணம். பந்தர் ஏமாற்றுப் பந்தல் அன்று, அது பந்தலேதான்.

ஓபர்ண்டார்பர் 1907-இல் கருதியது வழக்கில் உள்ள போலியை. 1929-இல் அவர் கண்டது இலக்கணப் போலிக்கு அருகில் வருவதை. இன்றைய மருத்துவக் கருத்தும் பின்னதையே சார்ந்தது. இக்கட்டிகள் அனைத்தும் பரவும் ஆற்றல் வாய்ந்தவையாகவே கருதப்படுகின்றன. பரவும் வாய்ப்பு மிகக் குறைந்தவையும் மிகுந்தவையும் அவற்றுள் உண்டு என்பதே வேறுபாடு. ஆயின் இலக்கணம் பயின்ற சிலரைத் தவிர்த்து ஏனையோர் 'புற்றுப்போலி' என்பதைப் 'பொய்யான புற்று' என்றே கொள்வர். பொய்யான நோய்க்கு ஆண்டுதோறும் எவரும் பரிசோதனைக்குச் செல்வதில்லை. எனவே அச்சொல் ஆக்கத்தில் சரியானதாயினும் பயன்பாட்டில் ஏற்கத்தக்கதன்று என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்து வழங்கும்பொழுது இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. டைபாய்டு என்பதன் பொருளும் 'டைபஸ் போன்றது' என்பதே. ஆயினும் தமிழகத்தில் டைபாய்டு காய்ச்சலை எவரும் போன்மையாகக் கருதியதில்லை. சொல்லின் உட்பொருள் காதுக்கு எட்டாததால் சொல் நோயையே நேராகச் சுட்டுகிறது. தில்லியில் 1961 முதல் இயங்கும் அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் நெறிகளுள் ஒன்று, உலகப் பொதுவழக்காகிவிட்ட சொற்களை இயன்றவரை அவ்வாறே இந்திய எழுத்துகளில் எழுதுக என்பதாகும். ஆங்கிலம் அறிந்த நோயாளிக்கு மட்டும் 'ஆய்டு' ஒலியில் ஆறுதல் கிடைக்கிறது. அறியாதவர் இவ்வகையில் தப்பித்தார் எனலாம்!

கட்டியின் இயல்பு

இனிக் கட்டியின் இயல்பைக் காண்போம். நம் உடலில் தைராய்டு, அட்ரீனல் போன்ற சுரப்பிகள் தனி உறுப்புகளாக உள்ளன. இவையன்றி, குடல், இரைப்பை, கணையம், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சுவரில் சுரக்கும் செல்கள் தனித்தனியாக விரவிக் கிடக்கின்றன. இவை நரம்புச் செல்களைப் போலச் செய்தி பெற்று, சுரப்பிச் செல்களைப் போல வேதிப்பொருளை வெளியிடுகின்றன. இவ்விரு பண்பும் கலந்திருப்பதாலேயே 'நியூரோ எண்டோகிரைன்' என்னும் இணைப்பெயர் வந்தது. கோசே, மாசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1914-இல் வெள்ளிச் சாயமேற்றும் முறையால், கார்சினாய்டு கட்டிகள் இச்செல்களிலிருந்தே தோன்றுகின்றன எனக் காட்டினர். சிறுகுடலின் கடைப்பகுதி, குடல்வால், மலக்குடல், மூச்சுக்குழாய் ஆகியவை இவை மிகுதியாகத் தோன்றும் இடங்கள்.

குடல்வால் அழற்சிக்காக அறுவை செய்யும்பொழுது எதிர்பாராமல் காணப்படும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டி பெரும்பாலும் அவ்வறுவையோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சிறுகுடலில் தோன்றுவது அளவில் சிறியதாயிருக்கும்பொழுதே நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் பரவியிருக்கக்கூடும். ஒரே பெயரின்கீழ் இவ்வளவு வேறுபட்ட போக்குகள் அடங்குவதே இந்நோயைப் பற்றி ஒருவர்க்கொருவர் மாறுபட்ட கதைகளைச் சொல்வதற்குக் காரணம்.

இக்கட்டி சுரக்கும் பொருள்களுள் தலையாயது செரோடோனின். இப்பொருளின் பெயர் வரலாறும் சுவையானது. இத்தாலிய அறிஞர் எர்ஸ்பாமர் 1930-களில் குடற்சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, குடலைச் சுட்டும் வகையில் 'எண்டரமின்' என்றார். அமெரிக்காவில் 1948-இல் குருதிநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தோர், குருதிக்குழாயை இறுகச்செய்வது என்னும் பொருளில் 'செரோடோனின்' என்றனர். இரண்டும் ஒன்றே என 1952-இல்தான் தெளிவாயிற்று. ஒரு பொருட்பன்மொழி என நாம் இலக்கணத்தில் கூறுவது ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகளை விழுங்கிவிட்டது. மறு ஆண்டே, 1953-இல், லெம்பெக் கார்சினாய்டு கட்டியில் செரோடோனின் இருப்பதைக் கண்டறிந்தார். 1954-இல் சுவீடனைச் சேர்ந்த தோர்சன், வால்டன்ஸ்ட்ரோம் முதலியோர் இக்கட்டியால் விளையும் அறிகுறித் தொகுதியை முழுமையாக விளக்கினர்.

உடல் படும் பாடு

அத்தொகுதியைக் கார்சினாய்டு கூட்டறிகுறி எனலாம். முகமும் கழுத்தும் மார்பும் திடீரெனச் சூடேறிச் சிவத்தல், நீர்த்த வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, நாளடைவில் இதய வால்வுகள் தடித்தல் ஆகியவை இதில் அடங்கும். இக்கட்டி உடைய அனைவர்க்கும் இது வருவதில்லை. சிறு பகுதியினர்க்கே வரும். காரணம் எளிது. குடலிலிருந்து செல்லும் குருதி முதலில் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் செரோடோனினைச் சிதைத்துவிடுகிறது. கட்டி கல்லீரலுக்கே பரவிய பின்னர், அங்கிருந்து சுரக்கும் பொருள் சிதைவின்றி நேரே இதயத்தின் வலப்பக்கத்தை வந்தடைகிறது. வலப்பக்க வால்வுகள் கெடுகின்றன. அடுத்துள்ள நுரையீரலும் செரோடோனினைச் சிதைக்கவல்லது ஆதலின் இடப்பக்கம் பெரும்பாலும் தப்புகிறது. ஆகவே, கூட்டறிகுறி தோன்றும்பொழுது குடற்கட்டி பெரும்பாலும் பரவியிருக்கிறது. தொடக்கத்தில் நோய் ஊமையாக இருக்கிறது. பேசத் தொடங்கும்பொழுது காலம் கடந்திருக்கிறது.

உணவிலுள்ள டிரிப்டோபன் என்னும் பொருளிலிருந்தே செரோடோனின் உண்டாகிறது. இயல்பாக இதில் மிகச் சிறு பங்கே அதற்குச் செலவாகும். எஞ்சியதிலிருந்து நியாசின் என்னும் வைட்டமினும் உண்டாகும். கட்டியானது டிரிப்டோபனின் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும்பொழுது நியாசின் குறைந்து, தோல் தடித்துக் கருத்து உரியும் பெல்லக்ரா நோய் வருவதும் உண்டு.

அறிகுறிகள் ஒவ்வொன்றும் வேறு பொதுவான நோய்க்கும் உரியவை என்பதே பெரிய இடர்ப்பாடு. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு முகம் சூடேறினால் மாதவிடாய் நிற்கும் காலம் என்பர். வயிற்றுப்போக்கிற்குக் குடல் எரிச்சல் நோய் என்றோ அமீபா என்றோ மருந்து தருவர். மூச்சிரைப்பு ஆஸ்துமாவாகிவிடும். மூச்சுக்குழாயில் தோன்றும் கார்சினாய்டு இளம் வயதினரையும் தாக்கும். குருதியோடு கூடிய இருமலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியாவும் அதன் அறிகுறிகள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் குருதி கலந்த சளியைக் கண்டதும் காசநோய் மருந்தைத் தொடங்குவது இயல்பே. சளியில் கிருமி காணப்படாத நிலையிலும் மருந்து தொடர்வதுதான் கவலைக்குரியது.

கேட்கும் சொல்லும் சொல்லும் சொல்லும்

இங்கு மொழிக்கு உள்ள பங்கினைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஆங்கிலத்தில் 'பிளஷிங்' எனப்படும் அறிகுறியைத் தமிழ் விளக்கங்கள் 'முகம் சிவத்தல்' என்று மொழிபெயர்க்கின்றன. தமிழில் முகம் சிவப்பது சினத்தாலும் நாணத்தாலும். அது உணர்ச்சியின் பெயர், நோயின் பெயரன்று. மேலும், மாநிறமும் கருநிறமும் உடைய தோலில் சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. நோயாளி உணர்வது நிறத்தையன்று, வெப்பத்தை. 'முகம் காந்துகிறது', 'காதோரம் அனல் அடிக்கிறது', 'உடம்பெல்லாம் குப்பென்று சூடாகிறது' என்பனவே இயல்பான தொடர்கள். இவற்றுள் 'குப்பென்று' என்னும் குறிப்புச்சொல் மருத்துவருக்கு மிகத் தேவையான ஒரு செய்தியைத் தாங்கியுள்ளது: அந்நிலை திடீரெனத் தொடங்குகிறது என்பதே அது.

தில்லியில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. மருத்துவர் இந்தியில் 'முகம் சிவப்பாகிறதா?' என்று கேட்பார். கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் போன்ற பகுதிகளில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தினர்க்கு இந்தி தடையன்று. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களின் தாய்மார்க்கு நிலை வேறு. பள்ளியில் படிக்கும் பேத்தி உடன்வந்து மொழிபெயர்ப்பாள். 'பாட்டி, உனக்கு மூஞ்சி செவக்குதான்னு கேக்குறாங்க' என்றால், பாட்டியின் விடை 'இல்லையே' என்பதே. அவ்விடை உண்மையானது, ஆனால் மருத்துவக் குறிப்பில் அது 'அறிகுறி இல்லை' எனப் பதிவாகிவிடும்.

வயிற்றுப்போக்கும் அத்தகையதே. 'பேதியாகிறதா?' என்றால் ஒருநாள் இருநாள் வந்து நிற்கும் கடுநோய் என்றே கொள்வர். ஆண்டுக்கணக்கில் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை கழிப்பறைக்குச் செல்பவர், அதனைத் தம் உடல்வாகு எனக் கொண்டு 'பேதியெல்லாம் இல்லை' என்பார். கார்சினாய்டு வயிற்றுப்போக்கின் தனிப்பண்பு, உண்ணாமல் இருந்தாலும், இரவிலும், அது நிற்பதில்லை என்பது. 'பட்டினி கிடந்தாலும் போகிறதா? இரவில் எழுப்புகிறதா?' என்று கேட்பதே பொருத்தமான வினா.

ஐயம் தோன்றியபின் செய்யும் சோதனைகளுள் ஒன்று, 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அதில் செரோடோனினின் சிதைபொருளை அளப்பது. சோதனைக்கு முன்னர் ஏறத்தாழ மூன்று நாள்களுக்குச் செரோடோனின் மிகுந்த உணவுகளை நீக்க வேண்டும். அறிவுரைத் தாளில் அன்னாசி, வால்நட், வெண்ணெய்ப்பழம் ஆகியவற்றோடு வாழைப்பழம், தக்காளி, கத்தரிக்காய் ஆகியனவும் இருக்கும். தமிழ்க் குடும்பத்தில் முதல் மூன்றும் அரியவை. பின் மூன்றும் அன்றாடம். 'பழங்களைத் தவிர்க்கவும்' என்று மட்டும் வாய்மொழியாகச் சொன்னால் தக்காளி ரசமும் கத்தரிக்காய்க் குழம்பும் தடையின்றி நடக்கும். தக்காளியைப் பழமென நம்மவர் எண்ணுவதில்லை. சோதனை முடிவு பொய்யாக உயர்ந்து நிற்கும்.

புதிய பெயரும் புதிய இடர்களும்

உலக நலவாழ்வு நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் கார்சினாய்டு என்னும் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, நியூரோ எண்டோகிரைன் கட்டி என்பதனை முன்வைத்தது. 2010-இல் செரிமானப் பாதைக் கட்டிகள் செல் பெருகும் வேகத்தைக் கொண்டு தரம் பிரிக்கப்பட்டன: பெருகும் செல்கள் நூற்றுக்கு 3-க்கும் குறைந்தால் முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். 2019-இல் நன்கு உருப்பெற்ற கட்டியும், அதே பெயர்ச்சாயல் கொண்ட கொடிய புற்றும் வெவ்வேறு எனத் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. நுரையீரலுக்கு மட்டும் கார்சினாய்டு என்ற பெயர் இன்றும் முறையான வகைப்பெயராகவே நீடிக்கிறது. பழைய பெயர் ஓர் உறுப்பில் மட்டும் ஒதுங்கி வாழ்வது, வழக்கிழந்த சொல் ஒரு வட்டார வழக்கில் எஞ்சி நிற்பதை நினைவூட்டுகிறது.

பழைய பெயர் நோயைக் குறைத்துக் காட்டியது. புதிய பெயர் இடம் மாற்றிக் காட்டுகிறது. இர்பான் கானுக்கு நேர்ந்தது இதுவே. பொதுமக்கள் சொல்லாக்கமோ மூன்றாவது வழியில் செல்கிறது: அது உறுப்பின் பெயரைப் பற்றிக்கொள்கிறது. 2011-இல் மறைந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் இருந்தது இக்குடும்பத்துக் கட்டியே. செய்தித்தாள்கள் 'கணையப் புற்றுநோய்' என்றே எழுதின. பொதுவாக அப்பெயரால் சுட்டப்படும் நோய் மிகப் பெரும்பாலோரை விரைவில் கொல்வது. அவரோ 2003-இல் நோய் கண்டபின் எட்டாண்டுகள் வாழ்ந்தார்.

தமிழில் 'நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி' என்னும் தொடரைச் சில விளக்கக் கையேடுகளை ஒட்டி நாம் அமைக்கலாம். உறுப்புக்கு உறுப்பு சரியான மொழிபெயர்ப்பு. ஆயினும் தொடராக நோக்கின் தடுமாற்றம் தருவது. நாளம் என்பது குழாய். குருதி நாளம் என்பதும் வழக்கு. ஆகவே 'நரம்பும் நாளமும் இல்லாத சுரப்பி' எனப் பிரித்துப் பொருள்கொள்ள இத்தொடர் இடந்தருகிறது. அடுத்து, 'நரம்பு' என்னும் சொல். பேச்சுத் தமிழில் நரம்பு என்பது குருதிக்குழாயையும் சுட்டும்; 'நரம்பு ஊசி' என்றால் சிரைவழி ஏற்றும் ஊசிதான். 'நரம்புத் தளர்ச்சி' என்றால் சுவரொட்டி விளம்பரங்கள் ஏற்றிவைத்த வேறு பொருள்கள் எல்லாம் வந்து சேரும். அத்தகைய சொல்லை இந்நோய்ப் பெயரின் தலையில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

'கட்டி' என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். தமிழில் கட்டி பழுக்கும், உடையும், அமுங்கும், கரையும். கட்டி என்று கேட்ட நோயாளி 'கரைக்க மருந்து உண்டா?' என்று வினவுவது சொல்லின் வழிப்பட்ட வினாவே. தில்லி மருத்துவர் சொல்லும் 'காண்ட்' என்னும் இந்திச் சொல்லுக்கு முடிச்சு என்பது முதற்பொருள். 'ரசௌலி' என்பதோ பெண்களிடையே கருப்பைக் கட்டியையே பெரும்பாலும் நினைவூட்டும். மறுபுறம், 'புற்றுநோய்' என்றவுடன் மரணம் என்று பொருள்கொள்ளும் வழக்கம் இன்னும் மாறவில்லை. பாம்பு குடியிருக்கும் புற்று, சொல்லின் பின்னே நிழலாக நிற்கிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன், 'கெமிஸ்தம்' முதலிய நூல்களை வெளியிட்டபொழுது, தமிழிலும் வடமொழியிலும் பொருந்திய சொல் கிடைத்தவிடத்து அதனைக் கொண்டார்; கிடைக்காதவிடத்துப் பிறசொல்லைத் தமிழொலிக்கு இசைத்துக்கொண்டார். அவ்வழியைப் பின்பற்றின், கட்டி பிறக்கும் இடத்தைக் கொண்டு 'சுரப்புச்செல் கட்டி' என்று வழங்கலாம். 'சுரப்பணுக் கட்டி' என்பது தூய தமிழாக இருப்பினும், அணு என்பது இந்நோயின் கதிர்வீச்சு மருத்துவத்தோடு குழம்பும்; பாடநூல்களால் பழகிவிட்ட 'செல்' அக்குழப்பத்தைத் தராது. சுரக்காத கட்டிகளும் இவற்றுள் மிகுதி என்ற தடை எழலாம். பெயர் செல்லின் பிறப்பைச் சுட்டுகிறதேயன்றிக் கட்டியின் செயலையன்று என்பது அதற்கு விடை. இது புற்றுநோய் வகையா என நோயாளி வினவின், 'ஆம், மெதுவாக வளரும் வகை. தரத்தைப் பொறுத்து வேறுபடும்' என்று வெளிப்படையாகச் சொல்வதற்கும் இப்பெயர் தடையாக இராது.

மருத்துவமும் 'குணம்' என்னும் சொல்லும்

பரவாத கட்டியை அறுவையால் நீக்குவதே முதல் மருத்துவம். அறுவைக்கு முன் கட்டியின் இயல்பை மயக்க மருந்து மருத்துவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. மயக்கத்தின்பொழுதோ கட்டியைத் தொடும்பொழுதோ சுரப்புப்பொருள் பெருமளவில் வெளிப்பட்டு, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு மாறக்கூடும். பல் பிடுங்கச் சென்றாலும் நோயாளி இதனைத் தெரிவிக்க வேண்டும்.

1973-இல் கண்டறியப்பட்ட சொமாட்டோஸ்டாட்டின் என்னும் இயற்கைப் பொருள் சுரப்பை அடக்குவது. ஆனால் குருதியில் சில நிமிடங்களே நிலைப்பது. அதனைப் போலச் செய்த ஆக்ட்ரியோடைடு அமெரிக்காவில் 1988-இல் ஒப்புதல் பெற்றது. நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும் ஊசியாக இன்று அது கிடைக்கிறது. அறிகுறிகளை அடக்குவதோடு கட்டியின் வளர்ச்சியையும் அது தாமதப்படுத்துகிறது என 2009-இல் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வொன்று காட்டியது. இம்மருந்து போய்ப் பற்றும் ஏற்பிகளே கட்டியைக் காட்டிக்கொடுக்கவும் உதவுகின்றன. காலியம்-68 என்னும் கதிரியக்கத் தனிமத்தை அதே சாயலுடைய மூலக்கூறில் பிணைத்துச் செலுத்தினால், உடலில் கட்டி உள்ள இடமெல்லாம் பெட் படத்தில் ஒளிரும். லுட்டீசியம்-177-ஐப் பிணைத்தால், அக்கதிர்வீச்சே கட்டியை உள்ளிருந்து தாக்கும். லுட்டீசியம்-177 டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் உருவாக்கப்படுகிறது. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் அணு மருத்துவத் துறை இம்முறையைப் பல்லாண்டுகளாகக் கையாள்வதோடு, லுட்டீசியத்திற்கு இணங்காதவர்க்கு ஆக்டினியம்-225 கொண்டு செய்த மருத்துவத்தின் தொடக்க முடிவுகளை 2020-இல் வெளியிட்டது.

பரவிய நிலையில் இம்மருத்துவங்கள் பெரும்பாலும் நோயை முற்றிலும் நீக்குவதில்லை, நிறுத்திவைக்கின்றன. பல ஆண்டுகள் நிறுத்திவைப்பதும் உண்டு. இதனைச் சொல்லத் தமிழில் நாம் கொண்டுள்ள சொற்கள் போதவில்லை. 'குணமாயிற்றா?' என்ற வினாவுக்கு ஆம், இல்லை என்னும் இரு விடைகளே உண்டு. உறவினர் ஒருவருடன் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபொழுது, படத்தை நோக்கிய மருத்துவர் மகிழ்ச்சியோடு 'ஸ்டேபிள்' என்றதை உடனிருந்தவர் 'அப்படியேதான் இருக்கிறதாம்' என்று மொழிபெயர்த்ததை இக்கட்டுரையாளர் கேட்டதுண்டு. நோயாளி முகம் வாடி, இவ்வளவு செலவழித்தும் பயனில்லையா என்றார். 'அப்படியே' என்பது தமிழில் முயற்சியின் தோல்வியைக் குறிப்பது. மருத்துவர் கூறியதோ மருந்தின் வெற்றியை. 'வளராமல் நிற்கிறது, மருந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது' என்று மறுமுறை சொல்லப்பட்டபொழுது, அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்று அவரே கேட்டார்.